பருப்பொருளை வகைப்படுத்தச் சொல்லித்தருவது எப்படி: சமையலறையில் தொடங்கி அணுவின் உள்ளே வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வார இறுதியில் அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பலர் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள். படிவம் ஒன்றில் (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு) பருப்பொருள் பாடம் வந்ததும் தடுமாறுகிறார்கள். அதைச் சரிசெய்யாமல் விட்டால் படிவம் நான்கு வேதியியலில் அதே இடத்தில் மறுபடி விழுகிறார்கள்.

பாடம் அப்படியொன்றும் கடினமில்லை. சொல்லித்தரும் வரிசைதான் பெரும்பாலும் கெடுக்கிறது. எடுத்ததுமே புரோட்டான், எலக்ட்ரான், கூடு என்று ஆரம்பித்தால் பிள்ளை மனப்பாடம் செய்துவிடும், ஆனால் ஒரு கரண்டி உப்பைக் காட்டி "இது என்ன வகை?" என்று கேட்டால் விழிக்கும். கையில் இருக்கும் பொருளைப் பார்ப்பது, பிரித்துப் பார்ப்பது, உடைத்துப் பார்ப்பது, அதற்கப்புறம்தான் அணு. இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு படியும் அடுத்ததைத் தாங்கும்.

தம்பி தங்கைக்குச் சொல்லித்தரும் அக்கா அண்ணன்மார், வீட்டில் பிள்ளையோடு உட்காரும் அம்மா அப்பா, புதிதாக டியூஷன் தொடங்குபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

கண்ணாடித் தம்ளர் நான்கு, காப்பி வடிகட்டும் தாள், டார்ச் லைட், 110 டிகிரி செல்சியஸ் வரை காட்டும் ஆய்வக வெப்பமானி, சமையலறைத் தராசு, காந்தம், 9 வோல்ட் பேட்டரி, இரண்டு வயர், இரு முனையும் சீவிய இரண்டு பென்சில், மூன்று நிறத்தில் பாசிமணி. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வேண்டாம். அது சில டிகிரிகளுக்குள் மட்டுமே அளக்கும், சூட்டில் வைத்தால் கெட்டுவிடும்.

சாமான் பக்கம்: உப்பு, சீனி, மணல், பேக்கிங் சோடா, வினிகர், பால், சமையல் எண்ணெய், பனிக்கட்டி, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார். ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருக்கும் நாரை வாங்காதீர்கள், அது துருப்பிடிக்காது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் படித்த சொல்லையும் இடைநிலைப்பள்ளிப் பாடநூலின் மலாய்ச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்: தனிமம் - ஊன்சூர், சேர்மம் - செபாத்தியான், கலவை - சம்பூரான். சோதனைத்தாளில் கேள்வி புரியாமல் மதிப்பெண் போவதை இது தடுக்கும்.

2. முதல் கேள்வி: இது பருப்பொருளா?

நிறை இருக்க வேண்டும், இடம் பிடிக்க வேண்டும். இரண்டும் இருந்தால் பருப்பொருள். வெளிச்சம், சூடு, சத்தம் ஆகியவை இதில் வராது.

பிள்ளைகள் சந்தேகப்படுவது காற்றைத்தான். தம்ளரின் அடியில் காகிதத்தைத் திணித்து, கவிழ்த்து, நேராகத் தண்ணீர் வாளிக்குள் இறக்குங்கள். காகிதம் நனையாது. உள்ளே இருக்கும் காற்று இடம் பிடித்திருப்பதால் தண்ணீர் ஏற முடியவில்லை. இதற்கு ஐந்து நிமிடம் போதும், நகர்ந்துவிடுங்கள்.

3. நிலை வேறு, வகை வேறு

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் பார்த்த குழப்பங்களில் பாதி இங்கே தொடங்குகிறது. "பருப்பொருளின் வகைகள் என்ன?" என்று கேட்டால் பல பிள்ளைகள் "திடம், திரவம், வாயு, தனிமம், கலவை" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். இரண்டு வெவ்வேறு கேள்விகளின் விடைகள் ஒன்றாகக் கலந்துவிட்டன.

ஒரு தாளில் ஒன்பது கட்டம் போடுங்கள். மேலே குறுக்காகத் திடம், திரவம், வாயு. இடது பக்கம் கீழ்நோக்கித் தனிமம் (வேதிவினையால் எளிய பொருள்களாக உடைக்க முடியாதது), சேர்மம் (அப்படி உடைக்க முடிவது), கலவை (வடிகட்டி, ஆவியாக்கிப் பிரிக்க முடிவது). இப்போது பிள்ளையோடு சேர்ந்து நிரப்புங்கள்.

தனிமம் வரிசையில் ஈயம் (கிந்தாப் பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த வெள்ளீயம்), பாதரசம், ஆக்சிஜன். சேர்மம் வரிசையில் உப்பு, தண்ணீர், கார்பன் டைஆக்சைடு. கலவை வரிசையில் 916 தங்க நகை, உப்புத் தண்ணீர், காற்று. பாதரசத்தைப் பெயரளவில் எழுதினால் போதும், அதன் ஆவி நச்சு. உடைந்த பழைய வெப்பமானியைக் காட்டுகிறேன் என்று கொண்டுவர வேண்டாம்.

நிரப்பி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "பனிக்கட்டி எந்தக் கட்டம்?" பிள்ளை தண்ணீரின் கட்டத்திலிருந்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் புரிந்துவிட்டது. மேலே கீழே நகர்த்தினால், உறைந்ததும் வேறு பொருளாகிவிட்டது என்று நினைக்கிறது. மறுபடி ஒருமுறை பேசுங்கள். நிலை மாறும்போது விரல் குறுக்கே மட்டும்தான் போகும். இந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், கடைசிவரை தேவைப்படும்.

4. துகள் படம் வரைவது

கண்ணால் பார்ப்பதற்கும் அணுவுக்கும் நடுவே துகள் படம் இருக்கிறது. இப்போதைக்குத் துகள் என்பது ஒரு வட்டம், அவ்வளவுதான். அதற்குள் என்ன இருக்கிறது என்று இந்தப் படியில் பேச வேண்டாம்.

திடத்தில் வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு வரிசையாக இருக்கும். இருந்த இடத்திலேயே அதிரும். திரவத்தில் வரிசை கலைந்திருக்கும், ஆனால் அநேகமாகத் தொட்டுக்கொண்டே நகரும். வாயுவில் தள்ளித் தள்ளி இருக்கும், எல்லாத் திசையிலும் ஓடும்.

பிள்ளைகள் திரவத்தை வரையும்போது இடைவெளியைத் தாராளமாக விடுவார்கள், திடத்துக்கும் வாயுவுக்கும் நடுத்தரமாக இருக்கட்டும் என்று. திருத்துங்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீரை அடைத்து, வாயை விரலால் மூடி அழுத்தச் சொல்லுங்கள், அமுங்காது. காற்றை அடைத்து அழுத்தினால் அமுங்கும். இடைவெளி எங்கே இருக்கிறது என்பதைக் கையே சொல்லிவிடும்.

இன்னும் மூன்று தவறுகளைக் கவனியுங்கள்.

சூடாக்கினால் துகள் பெரிதாகும் என்று பெரிய வட்டமாக வரைவது. துகளின் அளவு மாறாது. வேகமும் இடைவெளியும்தான் கூடும்.

கொதிக்கும் நீரில் வரும் குமிழி காற்று என்றோ, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றோ சொல்வது. அது நீராவி. சூடேறும் தொடக்கத்தில் சுவரில் ஒட்டும் சின்னக் குமிழிகள் மட்டுமே கரைந்திருந்த காற்று. கொதிக்கும்போது துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, துகள் உடைவதில்லை.

தேநீரில் சீனி "உருகிவிட்டது" என்பது. உருக ஒரு பொருளும் சூடும் போதும், கரைய இரண்டு பொருள் வேண்டும். சமையல் உப்பு உருக 801 டிகிரி வேண்டும், தண்ணீரிலோ குளிர்ச்சியாக இருக்கும்போதே கரைகிறது. இந்த ஒரு தகவலே பிள்ளைக்கு வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

அப்புறம் வெப்பமானியை எடுங்கள். நொறுக்கிய பனிக்கட்டியில் வைத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். கிளறிக்கொண்டே இருந்தால், கட்டி உருகி முடியும்வரை 0 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும். சூடு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது; ஆனால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருப்பதைத் தளர்த்தவே அது செலவாகிறது. படிவம் நான்கில் நாஃப்தலீனைச் சூடாக்கி வரைபடம் போடும்போது 80 டிகிரியில் கோடு சமதளமாக ஓடுவதற்கும் இதே காரணம்.

அதே பனிக்கட்டியில் உப்பைப் போடுங்கள். வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். இன்னொரு பக்கம் செம்பனைச் சமையல் எண்ணெயைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் பாருங்கள். ஒரு பகுதி வெள்ளையாகக் கட்டியிருக்கும், மீதி திரவமாகவே இருக்கும். எண்ணெயில் பலவகைக் கொழுப்புகள் கலந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு வெப்பநிலையில் உறைகிறது. தூய பொருளுக்கு ஒரே உருகுநிலை, கலவைக்கு அப்படி இல்லை. அடுத்த படிக்குள் நுழைய இதுதான் வாசல்.

கொதிநிலையைச் சொல்லும்போது அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், கேமரன் மலையில் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதிக்கும்.

5. பிரிக்க முடியுமா? கலவையைக் கண்டுபிடிப்பது

வடிகட்டுவது, காந்தம் வைப்பது, ஆவியாக்குவது, தெளியவிடுவது. இவற்றில் ஏதாவது ஒன்றால் பிரிந்து வந்தால் அது கலவை. பிரித்த பொருள்கள் கலப்பதற்கு முன் எப்படி இருந்தனவோ அப்படியே திரும்பக் கிடைக்கும்.

மணலும் உப்பும் கலந்து கொடுத்து, பிரித்துத் தரச் சொல்லுங்கள். எப்படி என்று நீங்கள் சொல்லாதீர்கள். தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்து, மணலை வடிகட்டி, வடிநீரை அடுப்பில் வற்றவைத்தால் உப்பு கிடைக்கும். சில பிள்ளைகள் நேராக வடிகட்டும் தாளில் காய்ந்த கலவையைக் கொட்டுவார்கள். கொட்டட்டும். எது எதனால் பிரிகிறது என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள்.

பிறகு மூன்று தம்ளர்: உப்புத் தண்ணீர், மணல் கலக்கிய தண்ணீர், சில சொட்டுப் பால் விட்ட தண்ணீர். அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். உப்புத் தண்ணீரில் ஒளிக்கற்றை தெரியாது. துகள்கள் அவ்வளவு சின்னவை. பால் தண்ணீரில் கற்றை தெளிவாகத் தெரியும், ஆனால் எவ்வளவு நேரம் வைத்தாலும் அடியில் தங்காது. காப்பி வடிகட்டியிலும் நிற்காது. மணல் தங்கிவிடும். கரைசல் (உப்பு), கூழ்மம் (பால்), தொங்கல் (மணல்) என்ற பெயர்களைப் பார்த்து முடித்தபின் சொல்லுங்கள்.

நம் ஊருக்குக் கூழ்மத்தின் மிகச் சிறந்த உதாரணம் ரப்பர்ப் பால். பால்வெட்டுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை ஒரு சின்னப் போத்தலில் காலையில் கொண்டுவந்தால் அன்றைய வகுப்பு அதுதான். உடுப்பில் பட்டால் போகாது, பழைய சட்டை போட்டு வரச் சொல்லுங்கள். புதுப் பாலில் ரப்பர் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் புரதம், சர்க்கரை, உப்புகள்.

ரப்பர்த் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. ஒரே மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளுவதால் அவை ஒட்டாமல் மிதக்கின்றன. ஒரு கோப்பையில் கொஞ்சம் வினிகர் விடுங்கள், இன்னொன்றை அப்படியே வையுங்கள். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் (நேர்மின்னூட்டம் உள்ள துகள்கள்) அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்ய, துகள்கள் ஒன்றோடொன்று மோதிக் கட்டியாகின்றன. தோட்டத்தில் இந்த வேலைக்கு ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். சும்மா வைத்த கோப்பையும் மறுநாளுக்குள் கட்டிவிடும், ஏனென்றால் பாக்டீரியா தானே அமிலம் உண்டாக்கும். பாலைத் திரவமாகவே வைக்க வேண்டுமென்றால் அம்மோனியா சேர்ப்பது இதனால்தான். அம்மோனியாவை வகுப்பில் திறக்க வேண்டாம், கண்ணை எரிக்கும். மரத்தடிக் கோப்பையில் கட்டிக் கிடக்கும் பாலைத் தினமும் பார்க்கும் பிள்ளைக்கு, அது ஏன் கட்டுகிறது என்று தெரியவரும்போது முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே இந்தச் சோதனையை நான் விடுவதில்லை. படிவம் ஐந்து வேதியியலில் இதே பாடம் திரும்ப வருகிறது.

இங்கே நடக்கும் பெரிய தவறு: ஒரே மாதிரி தெரிந்தால் தூய பொருள் என்று முடிவுசெய்வது. 916 நகையைக் கேளுங்கள். அதில் 91.6 விழுக்காடு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. எங்கு வெட்டினாலும் ஒரே மாதிரி இருந்தாலும் அது கலவைதான். காற்றும் அப்படியே: நைட்ரஜன் 78 விழுக்காடு, ஆக்சிஜன் 21, ஆர்கான் ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு.

6. உடைக்க முடியுமா? சேர்மமும் தனிமமும்

பிரிக்க முடியாத தூய பொருள் கையில் மிஞ்சிவிட்டது. இனிக் கேள்வி: வேதிவினையால் இதை எளிய பொருள்களாக உடைக்க முடியுமா? முடிந்தால் சேர்மம், முடியாவிட்டால் தனிமம்.

தண்ணீரை உடைத்துக் காட்டலாம். தம்ளரில் தண்ணீர், ஒரு சிட்டிகை பேக்கிங் சோடா. அட்டையில் இரண்டு ஓட்டை போட்டுப் பென்சில்களை இறக்கி, மேல் முனைகளைப் பேட்டரியோடு இணையுங்கள். இரண்டிலும் குமிழி வரும். எதிர்முனையில் ஹைட்ரஜன், நேர்முனையில் ஆக்சிஜன். கன அளவில் இரண்டுக்கு ஒன்று வர வேண்டும். பென்சிலில் செய்யும்போது ஆக்சிஜன் இன்னும் குறைவாகத் தெரியும், கொஞ்சம் நீரில் கரைகிறது, கொஞ்சம் பென்சிலின் கார்பனோடு வினைபுரிகிறது.

உப்புப் போடாதீர்கள். பலர் சோடா இல்லையென்றால் உப்பு என்று போட்டுவிடுகிறார்கள். உப்புப் போட்டால் குளோரின் வாயு வரும், அது நச்சு. ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெருப்பு பக்கத்தில் வேண்டாம், வாயுவை மூடிய போத்தலில் சேர்க்கவும் வேண்டாம்.

கொதிக்க வைத்தபோதும் குமிழி வந்தது, இப்போதும் வருகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இங்கே கேளுங்கள். அங்கே வந்தது தண்ணீரேதான், குளிர்ந்தால் திரும்பும். இங்கே வந்தவை வேறு இரண்டு பொருள்கள், குளிரவைத்துத் தண்ணீராக்க முடியாது.

சேர்மத்தை உண்டாக்கியும் பார்க்கலாம். இரும்பு நாரை வினிகரில் சில நிமிடம் ஊறவைத்து, அலசி, ஈரமாகவே சில நாள் காற்றில் வையுங்கள். அதற்குமுன் காய்ந்த நிலையில் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்தபின் நன்றாகக் காயவைத்து நிறுத்தால் எடை கூடியிருக்கும். துருப்பிடித்தால் இளைத்துப்போகும் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் நினைப்பார்கள். ஆக்சிஜனும் நீரும் இரும்போடு சேர்ந்ததால் கூடியது. உதிரும் பொடியைச் சிந்தாமல் தட்டில் சேர்த்து நிறுக்க வேண்டும், இல்லாவிட்டால் விடை தலைகீழாகும். அந்தப் பொடியைக் காந்தம் இரும்பை இழுத்ததுபோல் இழுக்காது. சேர்மத்தின் குணம் அதன் தனிமங்களின் குணமல்ல.

இன்னொரு வித்தியாசம் விகிதம். உப்புத் தண்ணீரில் உப்பு கூடலாம், குறையலாம். தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நிறையில் எப்போதும் ஒன்றுக்கு எட்டு. கிணற்றுநீரிலிருந்து பிரித்தெடுத்த தூய நீரானாலும், மழைநீரிலிருந்து பிரித்ததானாலும் அதே.

இரும்பையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கும் சோதனை பாடநூல்களில் இருக்கும். அதைப் பள்ளி ஆய்வகத்துக்கு விட்டுவிடுங்கள், மூச்சை அடைக்கும் வாயு வரும்.

7. பாசிமணியால் அணு, மூலக்கூறு, அயனி

இப்போதுதான் அணு. ஒரு நிறம் ஒரு தனிமம், ஒரு மணி ஓர் அணு. மணிகளைக் கம்பியால் கட்டினால் பிணைப்பு.

பிள்ளையிடம் நான்கு தட்டு கொடுங்கள். முதலில் ஒரே நிறத் தனித்தனி மணிகள், நியான் வாயு இப்படித்தான். இரண்டாவதில் ஒரே நிறத்தில் இரண்டிரண்டாகக் கட்டியவை, ஆக்சிஜன். மூன்றாவதில் வெவ்வேறு நிறத்தைக் கட்டியவை, உதாரணமாகத் தண்ணீர். நான்காவதில் முதல் இரண்டையும் கலந்து கொட்டுங்கள்.

இரண்டாவது தட்டைக் காட்டினால் பாதிப் பேர் "சேர்மம்" என்பார்கள், கட்டியிருக்கிறதே என்று. இரண்டு கேள்வியைப் பழக்குங்கள். ஒவ்வொரு கட்டிலும் எத்தனை நிறம்? எல்லாக் கட்டும் ஒரே மாதிரியா? ஒரே நிறமென்றால் தனிமம். பல நிறமென்றால் சேர்மம். கட்டுகளே வெவ்வேறென்றால் கலவை. மூலக்கூறு என்பது சேர்மத்துக்கு மட்டும் உரியதில்லை: ஓசோனில் மூன்று ஆக்சிஜன் அணு, கந்தகத்தில் எட்டு அணு சேர்ந்த வளையம்.

உப்பை இப்படி இரண்டிரண்டாகக் கட்டாதீர்கள். படிகத்துக்குள் ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன, ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம். தனி ஜோடி என்று எதுவும் கிடையாது. மணிகளைத் தட்டில் மாற்றி மாற்றி அடுக்கிக் காட்டுங்கள். இந்த நிலையில் உலோகமும் அலோகமும் சேர்ந்தால் பெரும்பாலும் அயனிகள், அலோகங்கள் மட்டும் சேர்ந்தால் மூலக்கூறு என்று வைத்துக்கொள்ளலாம்.

8. அணுவின் உள்ளே

முதலில் புரோட்டான் எண்ணிக்கை. ஒரு தனிமத்தை அந்தத் தனிமமாக்குவது அது மட்டும்தான். வெள்ளீயத்துக்கு 50. ஒன்று கூடினால் அது வெள்ளீயமே அல்ல.

இரண்டாவது நியூட்ரான். இது மாறலாம்; மாறினால் ஐசோடோப்பு. வெள்ளீயத்துக்கு நிலையான ஐசோடோப்புகள் 10, வேறெந்தத் தனிமத்துக்கும் இத்தனை கிடையாது. புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்தது நிறை எண், அது எப்போதும் முழு எண். குளோரினின் அணு நிறை 35.5 என்று பார்த்ததும் "அரை நியூட்ரானா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. நிறை எண் 35 உள்ள அணுக்கள் ஏறத்தாழ முக்கால் பங்கு, 37 உள்ளவை கால் பங்கு, 35.5 அவற்றின் சராசரி.

மூன்றாவதாக எலக்ட்ரான். நிறையில் புரோட்டானின் 1,800-இல் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் அணுவின் நிறை அநேகமாக முழுவதும் அணுக்கருவில். அந்தக் கருவின் விட்டமோ அணுவின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாடநூல் படத்தில் கருவைப் பெரிதாக வரைவது கண்ணுக்குத் தெரிவதற்காக மட்டும்.

கருவைச் சுற்றியுள்ள கூடுகளில் எலக்ட்ரான்களை 2, 8, 8 என்று நிரப்புவது முதல் இருபது தனிமங்களுக்கு, அதாவது கால்சியம் வரை, சரியாக வரும். அதற்குமேல் இந்த விதியை இழுக்காதீர்கள்.

அயனியில் ஒரே தவறுதான், ஆனால் விடாப்பிடியானது: நேர்க்குறி இருந்தால் எலக்ட்ரான் கூடியிருக்கிறது என்று நினைப்பது. சோடியத்தை எழுதவையுங்கள். புரோட்டான் 11, எலக்ட்ரான் 2, 8, 1. கடைசி ஒன்று போனால் புரோட்டான் 11, எலக்ட்ரான் 10. மிஞ்சுவது நேர் ஒன்று. ஒவ்வொரு முறையும் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள், குறியை மனப்பாடம் செய்ய விடாதீர்கள்.

குறியீட்டில் எழுத்தின் அளவும் முக்கியம். கோபால்ட்டின் இரண்டாவது எழுத்தைப் பெரிதாக எழுதினால் அது கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும்.

9. புரிந்ததா என்று பார்ப்பது

மூன்றாம் படியின் தாளை மறுபடி விரித்து, இவற்றை வைக்கச் சொல்லுங்கள்: குத்துவிளக்கு, யூரியா உரம், 15-15-15 உரம், தே தாரேக், அலுமினியத் தாள், தூய கற்பூரம், கேஸ் சிலிண்டரில் இருப்பது. ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். காரணமில்லாத சரியான விடையை ஏற்காதீர்கள்.

குத்துவிளக்கின் பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. யூரியா நான்கு தனிமங்கள் சேர்ந்த ஒரே சேர்மம். 15-15-15 மூட்டையில் இருப்பது பல சேர்மங்களின் கலவை. தே தாரேக் கலவை, அதில் பால் இருப்பதால் கூழ்மம். அலுமினியத் தாளை இந்த நிலையில் தனிமம் என்று வைக்கலாம். கற்பூரம் சேர்மம்; திடத்திலிருந்து நேராக வாயுவாவதால் விரல் திரவக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டும். சிலிண்டரில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன, அழுத்தத்தால் உள்ளே திரவம், அடுப்புக்கு வரும்போது வாயு. ஆகவே கலவை வரிசையில் இரண்டு கட்டங்களைத் தொட வேண்டும்.

விரல் தவறான நெடுவரிசைக்குப் போனால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். கலவையையும் தூய பொருளையும் குழப்பினால் ஐந்தாம் படி. சேர்மத்தையும் தனிமத்தையும் குழப்பினால் ஆறாம் படியும் பாசிமணியும். எட்டாம் படியில் மட்டும் தவறு வருகிறதென்றால் அதிகம் கவலை வேண்டாம், பத்துக் கணக்குப் போட்டால் சரியாகிவிடும்.